அரபுக்கு ஒரு வக்காலத்து

பட்டப்படிப்பு மாணவர்கள் அரபு மொழியையும் இஸ்லாமியப் பண்பாட்டையும் துணைப்பாடமாக எடுத்துக்கொள்வதைப் பிரஸ்தாபித்த சகோதரப் பத்திரிகையொன்று, வளைகுடாவில் வேலை தேடுகிறவனுக்குப் பேச்சரபு போதும், மார்க்கம் கற்க விரும்புகிறவனுக்கு மதரஸா இருக்கிறது, நடுவே சர்வகலாசாலைக்கு என்ன ஜோலி என்று ஒரு போடு போட்டிருக்கிறது. மொழியைப் பிழைப்பென்றும் மதமென்றும் இரண்டே கூறாக்கிவிட்டு, இலக்கியம் என்று ஒன்று உண்டென்பதையே மறந்துபோகிற இந்தச் சாமர்த்தியம் புதிதன்று; சமஸ்கிருதத்தைப் பற்றியும் இதே பேச்சைக் கேட்டுக் காது புளித்தவர்கள்தாம் நாம். புதுமோகம் என்பாருக்கு ஒன்று: சென்னைச் சர்வகலாசாலையில் அரபு, பாரசீகம், உருதுத் துறை 1927-லேயே வந்துவிட்டது.

அரபு ஒரு சமயத்தின் சொத்து என்பவர்கள், இஸ்லாம் தோன்றுமுன்பே குதிரையையும் மதுவையும் காதலையும் பாடிவிட்டுப் போன இம்ரவுல் கைஸை எந்தப் பள்ளிவாசலில் உட்கார்த்தி வைப்பார்கள்? அம்மொழிக்கு இலக்கணம் வகுத்த சீபவைஹி பாரசீகர். கிரேக்க வைத்திய நூல்களைப் பாக்தாதில் அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். யூத ஞானி மைமோனிடீஸ் தம் தத்துவ நூலை எழுதியதும் அரபியில்தான்.

கஸீதா என்னும் அரபு நெடும்பாட்டின் தோற்றுவாயை ஒருமுறை படித்தவன் மறப்பதில்லை. கூடாரங்கள் பெயர்ந்துபோன வெறுந்தரை, கரிபடிந்த அடுப்புக் கற்கள், மழைநீர் உள்ளே புகாதபடி வெட்டிய சிறுகால், இவற்றின் நடுவே நின்று அழுகிறான் ஒருவன். நம் பாலையில் பிரிந்து செல்பவன் தலைவன், இருந்து நைபவள் தலைவி. அங்கேயோ புல்லும் நீரும் தேடித் தலைவியின் குலம் போய்விட, பின்தங்கி நைபவன் ஆண்மகன். அவ்விடத்தில் சிதறிக் கிடக்கும் மான்புழுக்கைக்கு இம்ரவுல் கைஸ் சொல்லும் உவமை மிளகு. அந்த மிளகு எந்தக் கரையில் மரக்கலம் ஏறியிருக்கும் என்பதை, முசிறித் துறையில் யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூற்றில் படித்த நம்மவன் யோசிக்கமாட்டானா?

துணைப்பாடத்தால் ஒருவன் பண்டிதனாகிவிட மாட்டான் என்பது மெய்யே. உள்ளுக்குள்ளேயே உருமாறும் அரபுப் பன்மைகளோடு மல்லுக்கட்டி நிமிர்வதற்குள் பரீட்சை வந்துவிடும். ஆனால் பண்டிதர்களைக் கொண்டு நாம் சாதித்தது என்ன? உமறுப்புலவர், மணற்காடான அரபுநாட்டில் மழையைப் பெய்வித்து, ஆற்றை ஓடவிட்டு, வயலை விளைவித்து நாட்டுப்படலம் பாடினாரே, அந்தத் துணிச்சலின் அளவை, அந்நாட்டுக் கவிகளே பாடிய வறண்ட நிலத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய தமிழாசிரியர் எத்தனை பேர்? 5027 பாடல்கள் கொண்ட அவர் காவியத்திலிருந்து விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று காண்டங்களின் பெயரை மட்டும் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனனம் செய்வித்து, முஸ்லிம் புலவரும் தமிழ் பாடியிருக்கிறார் என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். வளைகுடாவுக்குப் போகிறவன் எப்படியும் அரபு கற்றுக்கொள்வான். அந்தத் துணைப்பாடத்தில் முதலில் உட்கார்த்தி வைக்கப்பட வேண்டியவன் தமிழ் எம்.ஏ. மாணவன், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவனுடைய பேராசிரியர் என்பது எம் கட்சி.