அட்டையில் எழுந்த ரயில் நிலையம்



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஊர் அன்பர் ஒருவர் தம் மகனைப் பற்றிய முறையீட்டுடன் மதரஸாவுக்கு வந்தார். "ஹஜரத், பன்னிரண்டாவது படிக்கிற பையன், ராவும் பகலும் அட்டையை வெட்டி ஒட்டி ரயில்வே ஸ்டேஷன் கட்டிக்கிட்டிருக்கான். நீங்க சொன்னாக் கேட்பான். இந்த மாதிரிச் செய்யறது கூடுமா கூடாதான்னும் சொல்லிடுங்க" என்றார். படிப்பைப் பற்றிய கவலை பாதி, மார்க்கம் பற்றிய ஐயம் பாதி. பார்க்காமல் தீர்ப்புச் சொல்லுவது முறையன்று என்று அவருடனேயே புறப்பட்டேன்.

மாடி அறையில், ஒரு பழைய கதவுப் பலகையின் மீது அந்த நிலையம் நின்றது. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது பையனின் கணக்கு. ஆங்கிலேயர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் அளவுதான் அது; உண்மையில் 43½ பங்கில் ஒன்று. ஏழடிக் கதவு 49 மில்லிமீட்டர் உயரம். ஒரு மீட்டர் அகலமுள்ள பழைய இருப்புப்பாதை 23 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. பழப்பெட்டி அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்குமல்லவா, அதுவே மங்களூர் ஓடு. தரை முழுவதும் நம் மாவட்டத்துச் செம்மண். துணியில் சலித்துத் தூவி, பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தான். அந்தத் தண்ணீரில் சோப்பு ஒரு துளி கலக்க வேண்டுமாம். இல்லையேல் மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே உருளும்.

இதெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். "நன்னாவுக்கு" என்றான்.

அவனுடைய பாட்டனார் எண்பதைக் கடந்தவர். இந்தப் பாதையில் சிறு நிலையமொன்றில் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றியவர். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இலும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தொண்டைமான் மன்னர்களின் தனியரசாகப் புதுக்கோட்டை இருந்த காலம் அது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் இதை அகலப் பாதையாக மாற்றினார்கள். பயணிகளுக்கு அது நன்மையே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் பெரியவர் பணிபுரிந்த ஓட்டுக் கட்டடமும் அப்போது போயிற்று. புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

உலகில் இதனைப் பெரிதாகச் செய்பவர்கள் உளர். புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கிய சிற்றளவு ரயில் காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கியது, 87 பங்கில் ஒன்று என்னும் அளவில் ஊர்களையும் மலைகளையும் கொண்டது. இவர்களுக்கெல்லாம் முன்பே, ஜான் ஆலன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், புதிதாகச் செய்த கட்டடத்துக்கும் வண்டிக்கும் துருவும் புழுதியும் ஏற்றி, வெயிலும் மழையும் தின்ற தோற்றத்தைக் கொண்டுவந்து காட்டினார். 1973-இல் அவர் மறைந்தார். சில நாட்களுக்குள் தீ விபத்தில் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. எஞ்சியவை அவர் எடுத்த படங்கள்.

நம் பையனும் அந்த முறையைத்தான் பற்றியிருந்தான். முதலில் சுவருக்கு வெள்ளையும் கதவுக்குப் பச்சையும் அடித்து நன்னாவிடம் காட்டியிருக்கிறான். பெரியவர் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு தம்பி. ஆனா இது நம்ம ஸ்டேஷன் இல்லையே" என்றாராம். கல்யாண வீடுபோல் இருந்தது குற்றம்! பிறகு இவன் அடுப்புக்கரியைப் பொடி செய்து சுவர் முழுவதும் பூசி, நீராவி இஞ்சினின் புகை என்று கொண்டுபோயிருக்கிறான். "புகை இங்கே எங்கே வரும்? இஞ்சின் அப்பாலே தள்ளிப்போயில்ல நிக்கும். கறுப்பு, விளக்கு மாடத்துக்கு மேலேதான். ஒரு நாக்கு அளவு."

வாசகர்களே, அந்த ஒரு சொல்லில் வேலையின் இரகசியம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும். ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் விழுந்து தெறிக்கும். ஆகவே சுவரில் முழங்கால் உயரம் மட்டும் செம்மண் நிறம். தகரத்தில் ஆணி அடித்த இடத்திலிருந்து துரு கீழ்நோக்கித்தான் வழியும், பக்கவாட்டில் வழியாது. நீர்த்த கறுப்பு வண்ணத்தை விட்டால் பள்ளங்களில் தங்கும். தூரிகையைத் துணியில் நன்கு துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெளிர் நிறத்தால் மேலோட்டமாகத் தடவினால் விளிம்புகள் மட்டும் தேய்ந்தாற்போல் தெரியும். பெஞ்சுக்கு அடியில் வெற்றிலைக் கறையும் உண்டு. பெரியவரின் வற்புறுத்தல் அது!

மார்க்க விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம், மரம், வண்டி ஆகியவற்றின் வடிவம் செய்வதில் தடையில்லை என்பதை அன்பருக்கு எடுத்துரைத்தேன். மனித பொம்மைகள் குறித்துத்தான் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. சிறுவர் விளையாட்டுப் பொருளுக்குச் சலுகை காட்டியோரும் உளர். ஆனால் இந்த நடைமேடையில் ஒருவரையும் பையன் நிறுத்தவில்லை. ஆளில்லாத நிலையம், ஆயினும் ஆட்கள் இப்போதுதான் எழுந்து போனார்கள் என்று தோன்றியது.

படிப்பு விஷயத்தில் தகப்பனார் பக்கமே நின்றேன். அஸருக்குப் பின் மக்ரிபு வரை மட்டும் அட்டை வேலை என்று பேசி முடித்தோம். பையன் முகம் சுண்டினாலும் ஒப்புக்கொண்டான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். பார்வை மங்கிவிட்டதால் விரலால் தடவித்தான் பார்க்கிறார். கூரை, கதவு, பிறகு வாயிலோரத்து மரத்தூண். அதில் இடுப்பு உயரத்தில் ஓரிடத்தை மட்டும் பையன் வழவழவென்று தேய்த்து வைத்திருந்தான். டோக்கன் பந்தைப் பையிலிட்டு, பிரம்பு வளையத்தைக் கையில் தாங்கி, நில்லாமல் போகும் வண்டிக்காக அவர் சாய்ந்து நின்ற இடமாம். விரல் அங்கே வந்து நின்றது. நெடுநேரம் எடுக்கவில்லை. அன்பர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

பிறகு பெரியவர் கேட்டார்: "மணி எங்கே தம்பி? தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குமே?"

பையன் விழித்தான். அதை அவன் கேள்விப்பட்டதே இல்லை. எத்தனை அடி நீளம், எதில் கட்டித் தொங்கவிட்டார்கள், அடித்து அடித்து எந்தப் பக்கம் பளபளத்தது என்று நோட்டை எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தான். தகப்பனார் கீழே போய், தம் கருவிப் பெட்டியில் துளாவி, துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.