கண்டுபிடிப்பது அரசு, தயாரிப்பது யார்?

டெல்லி துவாரகாவின் 8-வது செக்டாரில் இருக்கிறது தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம். 2025 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) அறிவித்த ‘அட்ஃபால்சிவேக்ஸ்’ மலேரியா தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்ததில் இதற்கும் பங்கு உண்டு. உருவாக்கியவர்கள் புவனேஸ்வர் ஆய்வாளர்கள். பாலைத் தயிராக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவில் இதன் புரதத்தை வளர்த்தெடுக்கிறார்கள். அறை வெப்பநிலையிலேயே ஒன்பது மாதங்களுக்கு மேல் கெடாது என்கிறார்கள். மின்சாரம் வந்து வந்து போகும் மலைக்கிராமத்துக்கு இது எவ்வளவு பெரிய வரம்! மனிதர்களிடம் சோதனை இனிமேல்தான்.

ஆனால், தயாரிப்பு? தொழில்நுட்பத்தை வாங்கிக்கொள்ள நிறுவனங்கள் முன்வரலாம் என்று ஐ.சி.எம்.ஆர் அழைத்தது. கரோனா தடுப்பூசியான கோவேக்சினிலும் இதே பாதைதான்: வைரஸைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது புணேயின் அரசு ஆய்வகம், தயாரித்தது தனியார் நிறுவனம், அரசுக்குக் கிடைத்தது 5% ராயல்டி. தனியார் கூடாது என்பதல்ல வாதம். கிருமி கொசு வழியாக வந்தாலும் எதிரியின் கையிலிருந்து உயிரி ஆயுதமாக வந்தாலும், லாபக் கணக்குப் பார்க்காமல் உடனே உற்பத்தியில் இறங்க அரசின் கையில் ஓர் ஆலையாவது வேண்டாமா?

இருந்தன. குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் உரிமங்களும் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டன. உற்பத்தித் தரம் போதவில்லை என்பது காரணம். தரத்தில் சமரசம் கூடாது, சரி. பழுதை நீக்கும்வரை உற்பத்தி நடக்க வழிசெய்யாமல் விட்டதுதான் தவறு. உரிமம் திரும்பக் கிடைக்க 2010 ஆனது.

அடுத்து செங்கல்பட்டு ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். பென்டாவேலன்ட், ரேபிஸ், தட்டம்மை தடுப்பூசிகள் தயாரிப்பதாகத் திட்டம். 2021 மே மாதம், கரோனா தடுப்பூசிக்கு நாடே அலைந்த நேரத்திலும் அங்கிருந்து ஒரு குப்பிகூட வெளிவரவில்லை. வளாகத்தைத் தமிழக அரசிடம் ஒப்படைக்கக் கேட்டுப் பிரதமருக்கு முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. உயிரி, ரசாயன ஆபத்துகளுக்கு மருந்து உருவாக்கவே அங்கு ‘பார்டா’ என்ற அரசு அமைப்பு 2006 முதல் இயங்குகிறது. அவசரகாலத்துக்கென அது நிதி கொடுத்துத் தயார்நிலையில் வைத்திருந்த பால்டிமோர் ஆலையில், 2021-ல் சுமார் 1.5 கோடி டோஸ் கரோனா தடுப்பூசிக்கான மருந்து மாசுபட்டு வீணானது. அன்றாடம் உற்பத்தி நடந்தால்தான் ஊழியர்களுக்குக் கை பழகும். தவறுகளும் முன்பே தெரியவரும்.

ஆகவே, தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்கான கொள்முதலில் ஒரு பங்கை ஆண்டுதோறும் குன்னூருக்கும் கிண்டிக்கும் செங்கல்பட்டுக்கும் மத்திய அரசு உறுதிசெய்ய வேண்டும். மலேரியா தடுப்பூசி மனிதச் சோதனைகளைத் தாண்டி வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். செங்கல்பட்டைத் தயார்செய்ய அந்த அவகாசம் போதும்.