ஒரு கண் மட்டும் துருத்துகிறதா? கண்குழிக்குப் பரவும் புற்றுநோய்... புழல்வாசிகள் எங்கே போகலாம்?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். திடீர்னு ஒரு கண் முன்னால் தள்ளும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். 'பவர் மாறியிருக்கும்' என்று கண்ணாடிக் கடைக்குப் போனால், அங்கேதான் நாள் வீணாகும்.

ஏன் கண்ணுக்கு வருகிறது?
புற்றணுக்கள் ரத்தத்தின் வழியே போய்க் கண்குழியில் தங்கலாம். அரிதுதான். ஆனால் வந்தால் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்களும் பரவும். மார்பகப் புற்றுநோயில் சிலருக்குக் கண் துருத்தாமல் உள்ளே குழிந்துபோவதும் உண்டு. உடம்பில் புற்றுநோய் இருப்பதே கண்ணை வைத்துத்தான் சிலருக்குத் தெரியவருகிறது.

எப்படி உறுதி செய்கிறார்கள்?
தைராய்டு கோளாறிலும் கண் துருத்தும். அதனால் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் சின்னதாகச் சதை எடுத்து பயாப்ஸி. நோய் எங்கிருந்து வந்தது, எந்த மருந்து கேட்கும் என்பதற்கு அதில் விடை கிடைக்கும்.

கண்ணை எடுத்துவிடுவார்களா?
பெரும்பாலும் இல்லை. கதிர்வீச்சு வலியைக் குறைக்கும், பார்வையைக் காக்க உதவும். கூடவே கீமோ அல்லது ஹார்மோன் மருந்து. பரவிய நோயை முழுசாகக் குணமாக்குவது கடினம். வலியில்லாமல், பார்வையோடு வாழ வைப்பதே நோக்கம்.

எங்கே போவது?
வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கென்றே 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, புற்றுநோய்க்கு 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனம் உண்டு. பழைய சிகிச்சை ஃபைலையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோங்க. 'முன்னாடி கேன்சர் இருந்துச்சு' என்பதைக் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.