எலிக்குப் பொறி போதும்



2024 நவம்பரில், எங்களுக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கடையில் "நல்ல ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தேங்காய்த் துண்டு மாட்டிய பொறி போதாதா? குழாய் நுழையும் ஓட்டையைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடைத்தால் எலி வரத்தே குறையும்.

மாடித் தோட்டத்துப் புழு, அசுவினிக்கும் கடும் மருந்து வேண்டாம்: 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் வீரியம் போய்விடும். பூச்சி உடனே சாகாது, தின்பதை நிறுத்தும்.

வீடுகளில் எலி மருந்து வைக்க வருவோர், அறையை எவ்வளவு நேரம் காற்றாட விட வேண்டும் என்று எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

— ஒரு வாசகி, பாரிவாக்கம்