ஐந்தாவது டயரை யார் பார்ப்பது?

என் அக்கா மகன் போன வருஷம் தன் பொலீரோவுக்கு டயர் மாற்றினான். கம்பெனி போட்டுக் கொடுத்தது 215/75 ஆர் 15. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டான். வண்டி கொஞ்சம் உயர்ந்தது, பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருந்தது. வாங்கியது நாலு டயர். பின் கதவில் தொங்கிய ஸ்டெப்னி மட்டும் பழைய 215-ஆகவே இருந்தது.

"ஏம்ப்பா, அஞ்சாவது வாங்கலையா?" என்று கேட்டேன்.

"அது எப்பவாச்சும்தானே மாமா போடப்போறோம். கடைக்காரரே சொல்லிட்டாரு, அட்ஜஸ்ட் ஆயிடும்னு."

இந்த "அட்ஜஸ்ட் ஆயிடும்" மேல்தான் எனக்குக் கோபம். செஞ்சியில் மட்டுமல்ல, விழுப்புரம், திண்டிவனம் என்று எந்த ஊர் டயர் கடையில் போய் நின்றாலும் இதே பேச்சுதான். நாலு டயருக்கு விலை பேசுகிறவர்கள் ஐந்தாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை. விற்கிறவருக்குப் பேரம் கெட்டுவிடுமோ என்ற பயம், வாங்குகிறவருக்குச் செலவு பயம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பௌர்ணமிக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டு கிரிவலத்துக்குக் கிளம்பினார்கள். கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்க இடது டயரின் பக்கச் சுவரை ஜல்லி கிழித்துவிட்டது. ராத்திரி பத்து மணி இருக்கும். முட்டி வலிக்காரியான அக்கா ரோட்டோரம் நிற்க, செல்போன் வெளிச்சத்தில் ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினார்கள். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்கள், திரும்பியும் வந்தார்கள். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. அதே அளவில், அதே பட்டனில் ஒரே ஒரு டயர் கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் என்றது மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஸ்டெப்னியோடுதான் வண்டி ஓடியது. அவசரத்துக்கு என்று வாங்கிய பொருளை நம் ஆட்கள் அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தியதாகச் சரித்திரம் உண்டா? மூன்றாவது வாரம் திண்டிவனம் ரோட்டில், மழையில், ஆடு ஒன்று குறுக்கே வர பிரேக் அடித்திருக்கிறான். பின்பக்கம் சறுக்கி வண்டி பாதி திரும்பிவிட்டது. புளியமரத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழம். உள்ளே இரண்டு குழந்தைகள்.

மறுநாள் போய் அந்த ஸ்டெப்னியைப் பார்த்தேன். பட்டன் எல்லாம் புதுசு போலத்தான் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் நாலு எண் அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அதில் 3416 என்று இருந்தது. 2016-ஆம் வருஷம் 34-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். தரையைத் தொடாமலே வெயிலில் தொங்கித் தொங்கி ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. அளவும் வேறு, வயசும் வேறு.

அளவு என்றால் எவ்வளவு வித்தியாசம்? காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம், அங்குலத்தில். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். அதோடு மேலும் கீழும் உயரத்தைக் கூட்டினால் பழைய டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர், புதியது 733. முப்பது மில்லிமீட்டர்தானே என்பீர்கள். சுற்றளவில் அது ஒன்பதரை சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட பெரிய டயர் சுமார் 434 சுற்று சுற்றினால் சின்னது 452 சுற்ற வேண்டும். பொலீரோவுக்குப் பின் சக்கரத்தில்தான் இழுவை. இடதும் வலதும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். வளைவில் திரும்பும்போது கொஞ்ச நேரம் வேலை செய்வதற்கான பல்சக்கரங்கள் அவை. நேர் ரோட்டிலும் கிலோமீட்டருக்குப் பதினெட்டு சுற்று என்று ஓயாமல் தேய வைத்தால் ஊளையிடாமல் என்ன செய்யும்? ஊளையிட்டது. அந்த ரிப்பேர் செலவில் ஐந்தாவது டயர் வாங்கியிருக்கலாம்.

"கார் கம்பெனிக்காரனே சின்ன ஸ்டெப்னி கொடுக்கிறானே, அது மட்டும் சரியா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் அவர்கள் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த மாடலுக்கு 165/80 ஆர் 14, மேல் மாடலுக்கு 185/65 ஆர் 15 என்று வந்தது. ரிம் ஒரு அங்குலம் வித்தியாசம், ஆனால் டயரோடு சேர்த்துப் பார்த்தால் குறுக்களவு வித்தியாசம் வெறும் இரண்டு மில்லிமீட்டர். ஒன்றுக்கு மற்றது நின்றால் வண்டிக்குத் தெரியாது. ஒல்லியான ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுகிறார்கள். நம் ஆட்கள் அதைப் படிப்பதில்லை என்பது வேறு.

லாரிக்காரர்கள் இதில் இன்னும் மோசம். தொள்ளாயிரம் டயர் ஓடிய வண்டிக்கு ஆயிரம் டயர் ஏற்றுவார்கள், ஸ்டெப்னி தொள்ளாயிரத்திலேயே கிடக்கும். இரண்டுக்கும் குறுக்களவில் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டியில் இது காரை விடப் பெரிய ஆபத்து. ஜோடியில் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை, நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பெரியது மொத்த பாரத்தையும் தாங்கிச் சூடாகும், சின்னது பாரமில்லாமல் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வரும். ஜோடிக்குள் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது டயர்காரர்களின் பழைய விதி. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டிகளின் பின்னால் ஒரு நாள் நின்று பாருங்கள். வெடிப்பது எப்போதும் நல்ல டயர்தான், ஏனென்றால் பாரம் அதன் மேல் இருக்கிறது.

ஊரைச் சொல்கிற எனக்கும் இதில் பங்கு உண்டு. உத்தியோக காலத்தில் ஆபீஸ் ஜீப்பின் லாக் புக் என் மேஜையில்தான் இருந்தது. புது டயர் கேட்டு எழுதினால் நாலுக்குத்தான் அனுமதி வரும். கழித்த நாலில் பார்க்க நன்றாக இருப்பது ஸ்டெப்னி ஆகும். தணிக்கைக்கு வந்தவர்கள் ஐந்து டயர் இருக்கிறதா என்று எண்ணினார்களே தவிர, ஐந்தாவது ஓடுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்காமல் இனிஷியல் போட்டேன். டிரைவர் அந்த வண்டியில்தான் ராத்திரி கேம்ப் போனார்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்த மொழியில் ஸ்டெப்னிக்கு 'ரூ த ஸகூர்' என்று பெயர். ஸகூர் என்றால் ஆபத்தில் வரும் உதவி. ஒல்லி ஸ்டெப்னியை மட்டும் கேலியாக 'கலெத்' என்பார்கள். நம் அடை மாதிரி ஒரு தட்டைப் பண்டத்தின் பெயர் அது. நம் 'ஸ்டெப்னி'யோ வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அதுவரை மோட்டார் வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமல்தான் வந்தன.

இப்போது பழையபடி அங்கேயே திரும்பிக்கொண்டிருக்கிறோம். 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, ஒன்பது இருக்கை வரையுள்ள, மூன்றரை டன்னுக்கு மேற்படாத வண்டிகளில் டயர் ரிப்பேர் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்றது. ஆணி குத்தினால் அந்த கிட் போதும். கீழ்பென்னாத்தூரில் ஜல்லி கிழித்த பக்கச் சுவருக்கு அது என்ன செய்யும்? பட்டணத்தில் போன் போட்டால் வண்டி இழுக்க ஆள் வருவான். ஆலம்பூண்டி தாண்டி ராத்திரி பத்து மணிக்கு யார் வருவது?

செலவு என்கிறார்கள். அதற்கும் கணக்கு உண்டு. ஒரு டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். நாலு வாங்கினால் வண்டி நாற்பதாயிரம் ஓடும். ஐந்து வாங்கி, ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றி மாற்றிப் போட்டால் ஐம்பதாயிரம் ஓடும். காசு எங்கே போயிற்று? ரப்பர் வெயிலில் காய்வதும் மிச்சம். ஐந்து வாங்க முடியாதவர் கம்பெனி சொன்ன அளவிலேயே நாலு போட்டுக்கொள்ளட்டும், பழைய ஸ்டெப்னியும் பொருந்தும். பெரிய டயரே போடலாமா என்ற சட்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஏற்கெனவே நாலு பெரிசு போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. பின் சக்கர இழுவை வண்டியில் பின் டயர் பஞ்சரானால், முன்னால் இருக்கும் பெரிய டயரைக் கழற்றிப் பின்னால் மாட்டி, சின்ன ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். இரட்டை வேலைதான். டிஃபரன்ஷியல் பிழைக்கும். மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் போங்கள். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியென்றால் அந்த லிவரைத் தொடாதீர்கள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பின் கதவில் 235 தொங்குகிறது. பழையதை விட இரண்டு மூன்று கிலோ கூட இருக்கும், கதவைத் திறந்தால் கீல் முனகுகிறது.

"இதுக்கு ஒரு கீல் செலவு வருது மாமா" என்றான்.

"மாத்து" என்றேன்.