காரணத்தைக் கேளாத செயலி

சில மாதங்களுக்கு முன்னர் ஹட்டன் நகர மண்டபம் ஒன்றில் ஆசிரியர்களுக்கான ஒருநாள் கருத்தரங்கு நடைபெற்றது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. ஆசிரியர்களின் மன அழுத்தத்தையும் பதகளிப்பையும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் மூலம் தணிப்பது எப்படி என்பதே பொருள். மணியொலி கேட்டது. பின்னர் இனிமையான ஆங்கிலக் குரல் ஒன்று மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொன்னது. நாளொன்றுக்கு பத்து நிமிடம் போதுமாம், மனம் இலேசாகிவிடுமாம்.

எனக்கு அருகில் அமர்ந்திருந்தவர் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னார்: "சேர், மூச்சை இழுத்து விடச் சொல்றாங்க. பஸ்ஸ விட்டு எறங்கி அந்த மேட்டுல ஏறி வர்றப்ப தினமும் அதத்தானே செய்யிறோம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அவருடைய ஒரு நாளைப் பற்றி விசாரித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டு வேலையை முடித்துக்கொண்டு புறப்படுகிறார். பஸ் தோட்டத்துச் சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து முக்கால் மணி நேரம் தேயிலை மலையேற்றம். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் மூவர். அவர்களுள் ஒருவர் அதிபர். ஒரு வகுப்பின் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்தக் குரலும் எடுபடாது. காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளை மயங்கி விழுந்தால் ஆசிரியையே தாதியும் ஆகிறார். மாத இறுதியில் வங்கிக் கடன் தவணை போகக் கையில் மிஞ்சுவதைச் சொல்ல அவர் விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இந்த அழுத்தம் அவருடைய மூளைக்குள் பிறந்ததென்று எவராவது சொல்வாராயின், அவர் அந்த மேட்டில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும்.

மூச்சுப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. அதை உலகுக்கு அனுப்பியதில் இந்த நாட்டுக்கும் பங்குண்டு. 'சதி' என்ற பாளிச் சொல்லை 1881இல் 'மைன்ட்ஃபுல்னஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியவர், இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாகக் கடமையாற்றிச் சென்ற ரைஸ் டேவிட்ஸ். சதிபட்டானத் தியானத்தை மேற்குலகுக்கு விளக்கிய ஞானபோனிக தேரர் ஜெர்மனியில் பிறந்தவர். கண்டி உடவத்தைக் காட்டின் ஆச்சிரமத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். 1979இல் ஜோன் கபட்-சின் அதை மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்குள் கொண்டுசென்றார். பின்னர் அது செயலியாகி, மாதச் சந்தா கட்டும் பண்டமாயிற்று. ஹெட்ஸ்பேஸ் போன்ற செயலிகள் அமெரிக்க, பிரித்தானிய ஆசிரியர்களுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டன.

இந்த நெடும்பயணத்தில் ஒன்று தொலைந்துபோனது. துக்கம் உண்டு என்று சொன்ன புத்தர், அடுத்ததாகத் துக்கத்துக்குக் காரணம் உண்டு என்றார். செயலி முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. புத்தர் காட்டிய காரணம் வேட்கை அல்லவா என்று எவரேனும் எனக்குத் திருத்தம் சொல்லலாம். நேரத்துக்கு ஒரு பஸ், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதை வேட்கைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரித்தானியாவில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். செயலிகள், மனவிழிப்புப் பயிற்சி, மீள்திறன் வகுப்பு ஆகியவற்றில் பங்கேற்றோருக்கும் பங்கேற்காதோருக்கும் இடையே நல்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2022இல் வெளியான 'மிரியட்' ஆய்வு, எண்பதுக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பாடசாலைகளில் நடந்தது. முறையான மனவிழிப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் சோர்வு ஆரம்பத்தில் குறைந்தது உண்மையே. அந்தப் பலன் ஓராண்டுக்குள் பெரிதும் தேய்ந்துவிட்டது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல்கள், வேலைச்சுமை உள்ளிட்ட வேலைத்தல நிலைமைகளையே மாற்றுமாறு வேலை வழங்குவோரிடம் கூறுகின்றன.

இனி நம் மலையகத்தின் கணக்குக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகங்களின் தலையில் கட்டியது. லயன் அறையிலும் மடுவத்திலும் பெயரளவில் பள்ளிக்கூடங்கள் நடந்தன. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக் காலப் பின்னடைவை யார் ஈடுசெய்தார்கள்? பெரும்பாலும் அந்த லயன்களிலிருந்தே படித்து வந்த ஆசிரியர்கள்தான்.

அவர்களை அரசு எப்படி நடத்தியது? 2014, 2015 காலப்பகுதியில் தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் பேரளவில் 'ஆசிரிய உதவியாளர்'களாகச் சேர்க்கப்பட்டார்கள். முழு ஆசிரியரின் வேலை. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். கூக்குரல் எழுந்த பின்னரே அது 10,000 ஆயிற்று. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் மதியச் சோற்றுக்கும் கணக்குப் பார்த்த இளைஞனின் பதகளிப்புக்கு எந்த மணியொலி மருந்தாகும்?

ஆசிரியர்கள் தம் துயரத்துக்குக் காரணம் தெரியாதவர்களும் அல்லர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து நாடெங்கும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தில் கிடைத்தது கேட்டதில் மூன்றிலொரு பங்கு. எஞ்சிய பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்பில் திரண்டபோது கிடைத்தவை கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும். 2025இல் அரச ஊழியர் அனைவருக்குமாகச் சம்பளம் கட்டங்கட்டமாக உயர்த்தப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் கூட்டமாக வந்து காரணத்தைச் சொன்னால் மூச்சுத் திணறக் கண்ணீர்ப்புகை, தனியாக அமர்ந்து கண்ணை மூடினால் மூச்சுப் பயிற்சி. செயலியின் மீது எனக்குள்ள கோபம் இதுதான். நிர்வாகத்தின் குறையை அது ஆசிரியரின் குணக்குறையாக மாற்றிவிடுகிறது. நாளை அவர் சோர்ந்துபோனால், "செயலி தந்தோமே, பயன்படுத்தவில்லையா?" என்ற கேள்வி வரும்.

செயலி வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். துயரம் தாங்காதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைத் தயங்காமல் அழைக்கட்டும். அங்கே மனிதக் குரல் பதில் சொல்லும். அதிகாரிகளிடம் நான் கேட்பது வேறு. வலயந்தோறும், தமிழில் பேசக்கூடிய, ஆசிரியர்களுக்கென்றே ஓர் உளவளத்துணையாளரை நியமியுங்கள். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்ற எளிய கணக்கை நிறைவேற்றுங்கள். தூரத்துத் தோட்டங்களில் ஆசிரியர் விடுதி கட்டுங்கள். அதுவரை காலையும் மாலையும் ஒரு பஸ்ஸைப் பாடசாலை வரை அனுப்புங்கள். இவற்றுக்குப் பின்னரும் மனம் அமைதியடையாவிட்டால் செயலியைப் பற்றிப் பேசலாம்.

அன்று மாலை எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் மன அழுத்தத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் புள்ளியிடுக என்றிருந்தது. காரணத்தை எழுத அதில் இடம் விடப்படவில்லை. ஆசிரியை படிவத்தின் பின்புறத்தைத் திருப்பி ஏதோ எழுதத் தொடங்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வரியோடு அதை மேசையில் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.