கடதாசியில் ஏறும் யாளி

அமெரிக்காவில் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வகுத்த 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தோடும், 1996இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமோன் சீட்டுகளோடும் உலகெங்கும் பரவிய மாயவிலங்குச் சித்திரங்கள், இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கொப்பிகளிலும் மார்க்கர் பேனையின் வர்ணங்களில் இடம்பிடித்திருப்பதைக் கண்டு, இது படிப்பைக் கெடுக்கும் வீண்வேலையென்று கடிந்துகொள்ளும் பெரியோருடன் நான் உடன்படேன். சனசமூக நிலையத்தில் முந்நூற்றிநாலு என்னும் சீட்டாட்டம் ஆடிப் பொழுதுபோக்கும் நாம், கடதாசியை நமக்கு அந்நியமென்று சொல்லவும் இயலாது. மைசூரிலும் சாவந்தவாடியிலும் விஷ்ணுபுரத்திலும் கைவினைஞர் தீட்டிய கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளில் தசாவதாரக் கட்டு 120 சீட்டுகளைக் கொண்டது. சாரளா தாசர் ஒடிய மகாபாரதத்திற் படைத்த, ஒன்பது உயிர்களின் உறுப்புகள் கூடிய நவகுஞ்சரமும் ஒடிசாவின் சீட்டுகளில் ஏறியிருக்கிறது.

ஆயினும் நம் பிள்ளைகள் வரைபவற்றிற் பெரும்பாலானவை பிறர் வரைந்தவற்றின் பிரதிகளாயிருப்பது எனக்கு வருத்தமே. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமுமுள்ள சீட்டிலே, எதிரே அமர்ந்திருப்பவர் ஒருகணம் நோக்கியவுடன் இன்ன விலங்கென்று அறியும்படி வரைவதே இக்கலையின் கஷ்டம். அதே கஷ்டத்தை நம் கோயில் வாகனச் சிற்பிகள் வேறுவிதமாய் எதிர்கொண்டனர். இராத்திருவிழாவில், சனத்திரளின் தலைகளுக்கு மேலே, அசையும் வெளிச்சத்தில் தெரியவேண்டுமென்பதாலேயோ என்னவோ யாளியின் விழிகள் அவ்வளவு பிதுங்கின, நாக்கு அவ்வளவு நீண்டது. துதிக்கை எங்கே முடிந்து சிங்கத்தாடை எங்கே தொடங்கவேண்டுமென்பதைத் திருநெல்வேலிக் கலாகேசரி ஆ. தம்பித்துரை போன்ற தேர்ச்சிற்பிகளின் கை அறிந்திருந்தது. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நடக்கும் சூரன்போரிலோ, ஒரே மரவுடலில் யானைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகத்தையும், அதனையும் கழற்றிச் சூரனின் சொந்த முகத்தையும் பூட்டி ஆட்டுகிறார்கள். ஈற்றில் மாமரமும் சேவலும் மயிலும் தோன்றுகின்றன. வடிவம் மாறும் அசுரனைத் தேடி ஜப்பான் வரை போகவேண்டியதில்லை; இவ்வுருவங்களையே நம் பிள்ளைகள் சீட்டுகளில் வரையலாம்.

மார்க்கர் பேனையை அற்பமாக எண்ணுவதும் தவறு. மதுசாரம் கலந்த அதன் மை, தவறைத் திருத்த எளிதில் இடந்தராது. வெளிர்நிறத்தை முதலிலும் கடுநிறத்தைப் பின்னரும் இட்டு, முதற்பூச்சு உலர்ந்தபின் அதே பேனையை மறுபடி ஓட்டி நிழல் விழுத்த வேண்டும். பல்லுக்கும் கண்ணொளிக்கும் வேண்டிய வெண்மையைத் தொடக்கத்திலேயே தாளில் விட்டுவைக்க வேண்டும். முன்னதாகவே முழு உருவையும் மனத்திற் கண்டவனுக்கே அது வசப்படும்.

தெய்வ உருவைச் சீட்டாக்கித் தரையில் எறியலாமோ என்று சைவப் பெரியோர் கேட்பது நியாயமே. தசாவதாரச் சீட்டுகளை ஆடியவர்கள் அதைப் பிழையாகக் கருதவில்லையாயினும், மூர்த்திகளை விலக்கிவிடலாமென்பதே என் அபிப்பிராயம். யாளியும் மகரமும் பூதமும் கைலாசவாகனத்தைத் தாங்கும் இராவணனும் ஒரு கட்டுக்குப் போதுமானவை.

கொடியேற்றத்துக்கு முன்பு வாகனங்களைத் துடைத்து வர்ணம் புதுக்கும் நாட்களில், சித்திர பாட ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று வாகனசாலையிலேயே இருந்து வரையச் செய்ய, கோயிற் பரிபாலன சபைகள் ஒரு முற்பகலேனும் அனுமதி வழங்கவேண்டும்.